முகத்துவாரமும் தொன்மையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

ஒரு பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் அதன் தரையையும் நீரையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் அதன் பின்னர் வருவன. மட்டக்களப்பைப் பொறுத்தவரை இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாகவே பின்பற்றப்பட்டு வந்துள்ளது. 1628ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் புளியந்தீவில் எழுப்பிய கோட்டையோடு நகரின் வரலாறு தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அதற்கு முற்பட்ட காலம் முழுவதும் ஐதிகம் என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்படுகின்றது. அன்றேல் ஏதேனும் ஓர் இனத்தின் தனிச்சொத்தாக உரிமை கோரப்படுகின்றது. இவ்விரு போக்குகளும் தவறானவை என்பதும், வாவியின் நிலவியலே இவ்விரண்டையும் மறுக்கும் முதற் சான்று என்பதும் எமது கருத்தாகும்.

இதனை விளக்குவதற்கு ஓர் ஒப்பீடு துணைபுரியும். இத்தாலியில், தைபர் ஆறு கடலோடு கலந்த இடத்தில் ஒஸ்தியா என்னும் சிறு நகரம் இருந்தது. இலத்தீன் மொழியில் அப்பெயர் ஆற்றின் வாயைக் குறிக்கும். மட்டக்களப்பு நகரின் வடபால் வாவி கடலோடு கலக்கும் இடத்தை எமது மக்கள் முகத்துவாரம் என அழைக்கின்றனர். இரு பெயர்களும் ஒரே பொருளைத் தருவன. ஒஸ்தியாவை உரோமின் ஆதி அரசருள் ஒருவரான அங்குசு மார்சியசு கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நிறுவினார் என்பது மரபு. அகழ்வாய்விற் கிடைத்த மிகப் பழைய அரணோ கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. ஆறு கொணர்ந்த மணல் துறையை அடைத்தமையால், கிளோடியசு மன்னன் கி.பி. 42இல் சற்று வடக்கே புதிய துறைமுகமொன்றை அமைக்கத் தொடங்கினான். இலங்கையிலிருந்து தூதுவர் சென்றதும் இதே கிளோடியசின் அவைக்குத்தான் எனப் பிளினி எழுதியுள்ளார். இன்று ஒஸ்தியாவின் இடிபாடுகள் கடலிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் உள்ளே கிடக்கின்றன. நகரம் நகரவில்லை, கடற்கரையே நகர்ந்தது. கடலும் ஆறும் மணலும் சேர்ந்து ஊர்களை ஆக்குகின்றன. அவையே அவற்றைக் கைவிடவும் செய்கின்றன என்பதற்கு ஒஸ்தியா சிறந்த எடுத்துக்காட்டு.

வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. பரப்பு ஏறக்குறைய 141 சதுர கிலோமீற்றர். வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றுப் பகுதியிலும் அது கடலோடு தொடர்பு கொள்கின்றது. கோடையில் இவ்வாயில்களை மணல் மேடுகள் அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையின்போது உள்நாட்டு வெள்ளம் வாவியை நிரப்ப, மணல்மேடு தானாக உடையும். உடையாவிடின் மனிதர் வெட்டிவிடுவர். எப்பொழுது வெட்டுவது என்பது எளிய வினாவன்று. வயல் நீரில் மூழ்கிய வேளாளர் விரைந்து வெட்டுமாறு வேண்டுவர். வாவி மீனை நம்பி வாழ்வோர் பொறுத்திருக்கக் கேட்பர். வாவியின் பொருளாதாரம் முழுவதும் இந்த மணல்மேட்டில் அடங்கியுள்ளதெனின் அது மிகையாகாது.

வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கதிரவன் எழும் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். தென்னையும் மீன்பிடியும் நெருக்கமான குடியிருப்புகளும் அங்குண்டு. படுவான்கரை பரந்த வயல் நிலம். முன்மாரி வேளாண்மையும் மாட்டுப் பட்டிகளும் காடும் அதற்குரியவை. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடைய போடியார்கள் பலர் இருந்தனர். இரு கரைகளையும் இணைத்தது ஓடமே. இயந்திரம் பொருத்திய மிதவையை மக்கள் பாதை என்கின்றனர். நீரின்மேற் செல்லும் கலத்துக்கு நிலவழியின் பெயரை இட்டமை, வாவி பிரிப்பதாகத் தோன்றினும் உண்மையில் இணைப்பதே என்னும் மக்களனுபவத்தைக் காட்டுவதாகக் கொள்ளலாம். மண்முனையில் 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும்வரை பாதையே அங்கு வழியாக இருந்தது.

எழுவான்கரை நிலையற்ற நிலம். 1978 நவம்பர் 23ஆந் திகதிய சூறாவளியும், 2004 திசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் அதனை அண்மைக்காலத்தில் இருமுறை நிறுவியுள்ளன. முகத்துவாரத்தை அண்டிய நாவலடி மணற்றிட்டில் வாழ்ந்தோர் பெற்ற அழிவு இன்னும் மறக்கப்படவில்லை. ஆகவே மிகப் பழைய குடியிருப்புகளின் சுவடுகளைக் கோட்டையைச் சுற்றியும் கடலோரத்திலும் மட்டும் தேடுவது பயன் தராது. உள்நாட்டையும் தென்கோடியையுமே நாம் நோக்குதல் வேண்டும்.

கல் கூறும் செய்தி

வாவியின் தென்கோடிக்கு அப்பால் பட்டிப்பளை ஆற்றின் சமவெளி விரிகின்றது. சிங்களத்தில் இவ்வாறு கல் ஓயா எனப்படும். இச்சமவெளியிலேயே தீகவாபி அமைந்துள்ளது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிச்சன் இளவரசனாயிருந்த காலத்தில் தீகவாபியிற் பொறுப்பேற்றிருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. அப்பெயரின் பொருள் நீண்ட குளம் என்பதாகும். குளமின்றி அங்கு குடியில்லை என்பதைப் பெயரே உணர்த்துகின்றது.

இதே பகுதியிலுள்ள குடுவில் என்னுமிடத்துப் பிராமிக் கல்வெட்டு எமது கருத்துக்கு இன்றியமையாதது. பேராசிரியர் சேனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் இது இடம்பெற்றுள்ளது. தீகவாபி வாசிகளான வணிகரைக் குறிக்கும் இப்பிராகிருதக் கல்வெட்டில் 'தமேட' என்னுஞ் சொல்லும் காணப்படுகின்றது. தமேட என்பது தமிழரைக் குறிக்கும். பௌத்தத் துறவிகளுக்கு அளிக்கப்பட்ட குகை, பிராகிருத மொழி, வணிகர் குழு, அவர்களிடையே தமிழர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட இந்த ஒரு சிறு கல்லில் இன்றைய இன எல்லைகள் எவையும் பொருந்தி வரவில்லை. பௌத்தம் எனின் சிங்களம், தமிழ் எனின் சைவம் என்னும் சமன்பாடு பிற்காலத்து ஆக்கமே என்பதைக் குடுவில் தெளிவுறுத்துகின்றது. இவ்வகைக் கல்வெட்டுகளின் முக்கியத்துவத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா விரிவாக ஆராய்ந்துள்ளார். கிழக்கிலங்கையில் நாகரும் தமிழும் பெற்றிருந்த இடத்தைப் பேராசிரியர் சி. பத்மநாதன் 2016இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்துள்ளார்.

காலத்தாற் பிற்பட்ட மற்றொரு சான்றையும் நோக்குவோம். திருக்கோவில், தம்பிலுவில் பகுதியிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, விசயபாகு என்னும் மன்னனின் பத்தாம் ஆட்சியாண்டில் வோவில் என்னும் ஏரி சிவன் கோயிலொன்றுக்கு வழங்கப்பட்டதைக் கூறுகின்றது. சிறிசங்கபோதி என்னும் சிங்கள அரசமரபுப் பட்டத்தைத் தாங்கிய மன்னன், தமிழ் மொழியில், சைவக் கோயிலுக்கு, நீர்நிலையொன்றைத் தானஞ் செய்கின்றான். தீகவாபிக் காலத்திற் போலவே இங்கும் செல்வத்தின் அடிப்படை நீரே.

எழுதப்பட்ட சான்றுகளோடு மக்கள் மரபையும் இணைத்து நோக்குதல் தகும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் இம்மரபுகளைப் பேணித் தந்துள்ளன. புளியந்தீவின் பெயர் புலியன் என்னும் வேடர் தலைவனோடு தொடர்புறுத்தப்படுகின்றது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் இலிங்கத்தைக் கொக்கட்டி மரத்தடியில் முதலிற் கண்டவன் வேடன் என்பது கோயில் மரபு. 1215இல் பொலன்னறுவையைக் கைப்பற்றிய கலிங்க மாகனோடு இங்குள்ள குடி முறைகள் இணைக்கப்படுகின்றன. இவற்றை வரலாற்று ஆவணங்களாகக் கொள்ளவியலாது. ஆயினும் வேடரை ஆதிக்குடிகளாக ஒப்புக்கொள்ளும் மரபு, தன்னைத் தூய ஓரினத்தின் வழித்தோன்றலாகக் கருதாத சமூகமொன்றினது மரபே என்பது தெளிவு.

கோட்டையும் அதற்கு முன்னும்

ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே 31இல் மட்டக்களப்பை வந்தடைந்தான். கண்டிக்குச் செல்லுமுன் இப்பகுதியின் ஆட்சியாளனை அவன் சந்தித்தமை அவனது பயணக் குறிப்பால் அறியப்படுகின்றது. கோட்டை எழுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஆட்சியும் வணிகமும் நிலவின. போர்த்துக்கேயர் 1628இற் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றினர். முகத்துவாரத்தினூடாக உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துவதே தீவைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம். வாவியைத் தமது பெரும் வழியாகக் கொண்டிருந்த மக்களுக்கு அதன் வாயில் ஒரு காவற்கூடம் அமைந்தது. கோட்டை நகரைத் தோற்றுவிக்கவில்லை. முன்பே இருந்த ஒரு பிரதேசத்தின் வாயிலைப் பூட்டியது என்பதே பொருந்தும்.

இக்காலத்திலேயே, போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் இப்பகுதியிற் குடியேற்றினான். முன்னரே இங்கு வாழ்ந்த முஸ்லிம்களோடு அவர்கள் கலந்தனர். தாய்வழிக் குடி முறையைத் தமிழரும் முஸ்லிம்களும் இன்றும் பொதுவாகக் கொண்டிருத்தல், இரு சாராரும் ஒரே சமூக அமைப்பில் வளர்ந்தமைக்கு மறுக்கவொண்ணாச் சான்றாகும்.

தொன்மையை அகழ்வது யாருக்காக?

இவ்விடத்தில் ஒஸ்தியாவுக்கு மீள்வோம். 1938 முதல் 1942 வரை அந்நகர் மிக விரைவாக அகழப்பட்டது. 1942இல் உரோமில் நடத்தத் திட்டமிட்ட உலகக் கண்காட்சிக்கு உரோமப் பேரரசின் பெருமையைக் காட்டவேண்டும் என்பது முசோலினி அரசின் நோக்கம். பேரரசின் உச்சக்காலக் கட்டடங்களை வெளிக்கொணரும் அவசரத்தில், அவற்றின்மீது கிடந்த பிற்கால மக்களின் அடுக்குகள் போதிய பதிவின்றி அகற்றப்பட்டன. நகரின் இறுதி நூற்றாண்டுகளில் வாழ்ந்தோரது வரலாற்றின் ஒரு பெரும் பகுதி மண்ணோடு வாரிக் கொட்டப்பட்டது. கண்காட்சியோ போரினால் நடைபெறவேயில்லை.

எமது பிரதேசம் இதிலிருந்து கற்கவேண்டியது யாது? 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றின் போக்கையும் குடிப்பரம்பலையும் மாற்றியது. 1956இல் அங்கு இனக்கொலை நிகழ்ந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வாவியின் வடக்கும் தெற்கும் நிர்வாகத்தால் பிரிந்தன. 1990 ஓகஸ்ட் 3இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், செப்தெம்பர் 9இற் சத்துருக்கொண்டானிலும் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். ஒரே வாவிக்கரை, ஒரே ஆண்டு, இரு சமூகங்கள். ஆழிப்பேரலையால் வீடிழந்த அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்காக நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டபோது, தீகவாபியின் புனித எல்லை பற்றிய வழக்கு எழுந்தது. அவ்வீடுகளை அவர்களுக்கு மட்டும் வழங்குவதற்கு எதிராக 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 யூன் மாதத்திற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளை முகாமை செய்யவென அரசதிபர் நியமித்த செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைமை வகித்தார். நியமன வேளையில் அதிலே தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் அது.

தொல்லியல் சின்னங்கள் பேணப்படவேண்டும் என்பதில் எமக்கு இருவேறு கருத்தில்லை. தீகவாபியும் திருக்கோவிலும் எமது பொதுச் செல்வங்கள். ஆனால் ஓர் அடுக்கை மட்டும் காட்டுவதற்காக ஏனைய அடுக்குகளை அகற்றும் அகழ்வு வரலாற்றாய்வு ஆகாது. இதற்குப் பதிலாகத் தமிழர் தரப்பிலும், பௌத்தச் சின்னங்கள் எல்லாம் தமிழ்ப் பௌத்தருடையவை மட்டுமே எனக் கூறி உரிமை கோருவோர் உளர். அதுவும் அதே தவற்றின் மறுபக்கமேயாகும். குடுவிற் கல்வெட்டைச் சிங்களவரிடமிருந்து பறித்துத் தமிழரிடம் கொடுப்பது எமது நோக்கமன்று. அது எவரிடமும் தனியே சென்றடைய மறுக்கும் கல் என்பதே அதன் பெருமை.

பல்கலைக்கழக ஆய்வாளர் செய்யவேண்டிய பணிகள் சிலவுண்டு. படுவான்கரைக் குகைகளையும் குளக்கட்டுகளையும் மூவின மாணவரும் இணைந்து கள ஆய்வு செய்து பதிவு செய்தல் அவற்றுள் முதன்மையானது. வாவிப் படிவுகளை நிலவியலாளர் துணையோடு ஆராய்ந்து, முகத்துவாரம் எந்தெந்தக் காலங்களில் எங்கெங்கு அமைந்திருந்தது என அறிதல் மற்றொன்று. இவ்வாய்வுகளின் முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே வெளியிடுதலும் வேண்டும்.

மழைக்காலத்தில் முகத்துவாரம் அடைபட்டிருப்பின் வெள்ளம் இரு கரைகளிலுமே ஏறும். எவருடைய வயலென்றோ எவருடைய வீடென்றோ அது நோக்குவதில்லை. ஆதலின் மணல்மேட்டை வெட்டுதல் இரு கரை மக்களதும் பொதுக் கடமையாயிருந்து வந்துள்ளது. வரலாற்றின் வாயில் குவிந்து கிடக்கும் மணலையும் அவ்வாறே கூடி நின்று வெட்டவேண்டிய காலம் இது.