தனிநபர் உளச்சிகிச்சையும் உறவுகளும் (மதுரை வட்டாரம்)

தனிநபர் உளச்சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும் உதவி தேடி வருபவரும் தனித்திருந்து, பெரும்பாலும் வாரம் ஒருமுறை முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் பேசி நடத்தும் சிகிச்சை. மதுரையில் இதைப் பொதுவாகக் ‘கவுன்சிலிங்’ என்கிறார்கள். மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இந்நகரின் முக்கிய மனநல அமைப்பு. அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் உறவு செய்முறையால் நிற்பது. கல்யாணம், காதுகுத்து, இழவு என யார் என்ன செய்தார் என்பது நோட்டில் ஏறும். ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும். மனக்கஷ்டத்தைச் சொல்வதிலும் இந்தக் கணக்கு உண்டு. நாம் ஒன்று சொன்னால் கேட்பவரும் தம் வீட்டுக் கதையை எடுப்பார். அதை நாம் கேட்டாக வேண்டும். சிகிச்சை அறையில் திருப்பிச் செய்ய எதுவும் இல்லை. சிகிச்சையாளர் மனம் கோணுமோ, நாளை நாலு பேரிடம் சொல்வாரோ என்ற பயமும் வேண்டாம். நெருங்கிய சொந்தத்திடமே வாய் திறக்க முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனாலும் பழைய உறவுகள் அறைக்குள் வந்துவிடுகின்றன. அப்பாவிடம் பேச நடுங்கியவர் சிகிச்சையாளரிடமும் நடுங்குவார். ஃபிராய்டு கவனித்து எழுதிய இந்த இடமாற்றம், சிகிச்சையாளரை ‘அண்ணே’, ‘அக்கா’ என்று அழைக்கும் ஊரில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அழைப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அந்த அக்காவிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைப் பேசுவதே சிகிச்சை. மறுபக்கம், உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் குணமாற்றத்துக்கு வேண்டியவையாகச் சொன்ன உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையை உணர்தல் ஆகியவை நல்ல சிநேகிதத்திலும் இருப்பவைதான்.

வருபவர் பலநேரம் தனியே வருவதில்லை. அம்மாவோ மச்சானோ வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். பணம் கட்டியவருக்கு ‘உள்ளே என்ன சொன்னான்?’ என்று கேட்க உரிமை இருப்பதாகத் தோன்றும். மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சிகிச்சை விவரங்களின் இரகசியத்தைக் காக்கிறது. வயதுவந்தவர், சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கலாம், அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தை ஒதுக்கியும் பயனில்லை. இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மருமகள் சிகிச்சைக்குப் பிறகு முதல்முறை ‘முடியாது’ என்றால் வீடே கலங்கும். சண்டை முதலில் கூடவும் செய்யலாம். அப்போது, சிகிச்சை பெறுபவர் சம்மதித்தால், பெஞ்சில் இருப்பவரையும் ஓர் அமர்வுக்கு உள்ளே அழைக்கிறார்கள்.