வெப்லி ரிவால்வர்: இரும்பில் பதிந்த போர்க்குறிப்பு

பயோனெட்டுகளின் கதையைச் சென்ற வாரம் முடித்தோம். அவற்றில் ஒன்று மட்டும் இந்த வாரத்துக்காகக் காத்திருந்தது. முதல் உலகப் போரில் ஆர்தர் பிரிச்சார்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் யோசனையில் உருவானது அது. பழைய பிரெஞ்சு பயோனெட்டின் அலகை வெட்டி, பர்மிங்காமின் கிரீனர் நிறுவனம் செய்து கொடுத்தது. ராணுவம் அதை முறைப்படி ஏற்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குத்துவாளைப் பொருத்தியது ரைபிளில் அல்ல, ரிவால்வரில்.

ரிவால்வரில் பயோனெட் எதற்கு? பதுங்குகுழியில்தான் அதற்கு விடை இருக்கிறது. லீ-என்ஃபீல்டு ரைபிளின் நீளம் மூன்றரை அடிக்கு மேல். இரண்டு ஆள் ஒதுங்கி நிற்கவே இடமில்லாத குழிக்குள், நள்ளிரவில் எதிரிமீது பாய்கிறவனுக்கு அந்த நீளமே எமன். ஒரு கையில் அடங்குவது, சேற்றில் விழுந்து எழுந்தாலும் சுடுவது, குண்டு தீர்ந்தபின் குத்தவும் உதவுவது என்று தேடிய படைவீரர்கள் நம்பியது வெப்லி மார்க் 6 ரிவால்வரை.

பர்மிங்காமின் வெப்லி நிறுவனத்துக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் உறவு தொடங்கியது 1887இல், மார்க் 1 ரிவால்வரோடு. அடுத்தடுத்த மாதிரிகளில் சிறு சிறு மாற்றங்கள் வந்தன. 1899இல் வந்த மார்க் 4, போயர் போரின் துப்பாக்கி என்றே பெயர் வாங்கியது. 1915 மே மாதம் மார்க் 6 ஏற்கப்பட்டது. 6 அங்குலக் குழல், சதுர அடியுள்ள கைப்பிடி, .455 அங்குலத் தோட்டா, ஒரு கிலோவுக்கு மேல் எடை. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 3 லட்சம் தயாராயின.

அதன் இயக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். சுத்திக்குப் பக்கத்தில், இடப்புறம், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்பு. அதை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால், துப்பாக்கி நடுவில் முறிந்ததுபோல் திறக்கும். அதே அசைவில் சிலிண்டரின் மையத்திலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, சுட்டு முடிந்த ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒருசேர வெளியே தள்ளும். ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கும் பழைய ரிவால்வர்களோடு ஒப்பிட்டால் இது உயிரைக் காக்கும் வசதி. கைப்பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் கயிற்றைக் கோத்துக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொள்வார்கள். அடிபட்டுக் கை தளர்ந்தாலும் துப்பாக்கி சேற்றோடு போகாது.

பழைய போர் ரிவால்வர்களைச் சேகரிப்பவர் இந்த இயக்கத்தை ரசித்துவிட்டு, அடுத்த நிமிடமே உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் எடுப்பார். அவர் தேடுவது எழுத்துகளை. சட்டத்தின் பக்கவாட்டில் வெப்லி என்ற பெயர், மார்க் எண், ஆண்டு. பர்மிங்காம் சோதனைச் சாலையில் கூடுதல் மருந்தேற்றிச் சுட்டுப் பார்த்ததற்கான முத்திரை. அரசுச் சொத்து என்று சொல்லும் அகன்ற அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதினால், ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். சட்டத்தில் உள்ள வரிசை எண்ணும் சிலிண்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால், பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேறொரு துப்பாக்கியின் சிலிண்டர் இதற்கு வந்திருக்கிறது. அதுவும் ஒரு சேதிதான்.

இந்த வரிகளைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாகும். போர்த் துப்பாக்கியின் மதிப்பு பளபளப்பில் இல்லை. தேய்மானமும் கீறலும் முத்திரையும் சேர்ந்ததுதான் அதன் பணிப்பதிவேடு. பட்டைச்சீலை வைத்துத் தேய்த்து, புதிதாக நீலப்பூச்சு ஏற்றினால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், அம்புக்குறி கரையும். அழகுபடுத்துகிறேன் என்று இறங்குபவர் சாட்சியத்தை அழிக்கிறார்.

மாற்றியமைத்த துப்பாக்கிகளும் வரலாறு பேசும். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் .38 அளவுக்கு இறங்கி வந்தது. .455இன் உதைப்பைப் பழக நாள் பிடிக்கும். சிறிய தோட்டா என்றால் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சீக்கிரம் பழக்கலாம். அப்படி வந்த என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வரின் சுத்தியில் முதலில் கட்டைவிரலுக்கான கொக்கி இருந்தது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அது எங்காவது மாட்டிக்கொண்டது. 1938இல் கொக்கி இல்லாத மாதிரி வந்தது. பழையவற்றிலும் பெரும்பாலானவற்றை அப்படியே மாற்றிவிட்டார்கள். அதனால்தான் கொக்கி தப்பிய பழைய என்ஃபீல்டு கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள்.

இன்னொரு மாற்றம் வருத்தம் தருவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏராளமான வெப்லிகள் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அங்கே .455 தோட்டா எளிதில் கிடைக்காது; .45 தானியங்கித் தோட்டா எங்கும் கிடைக்கும். வியாபாரிகள் சிலிண்டரின் பின்பக்கத்தை இழைத்து அதற்கேற்ப மாற்றினார்கள். விற்பனை சூடு பிடித்தது. ஆனால் இழைத்த இடத்தில் இருந்த இரும்பு இனி திரும்பாது.

முத்திரைகள் துப்பாக்கியின் பயணத்தைச் சொல்லும். அதை ஏந்தியவர் யார் என்பதற்குத் தாள் வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கியைச் சொந்தமாக வாங்குவது வழக்கம். ராணுவத் தோட்டாவை ஏற்பதாக இருந்தால் போதும். சிலர் பெயரையும் படைப்பிரிவையும் பொறித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பெயர் கிடைத்தால் லண்டன் கெஜட்டில் நியமன அறிவிப்பைத் தேடலாம். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டைகளும் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளும் இருக்கின்றன. ஆனால் 1940இல் லண்டன்மீது விழுந்த ஜெர்மன் குண்டுகள் முதல் போர்ப் படைவீரர்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதியை எரித்துவிட்டன. தாள் எரிந்துபோன ஒருவருக்கு, பெயர் பொறித்த இரும்பே எஞ்சிய ஆவணமாக இருக்கவும் கூடும்.

தாளும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றாக லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு வெப்லி மார்க் 6 இருக்கிறது. லட்சக்கணக்கில் வார்த்தெடுத்த அதே மாதிரிதான். அதை வைத்திருந்தவர் 1916இல் சோம் போர்க்களத்தில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் சமிக்ஞை அதிகாரியாக இருந்த இளைஞர். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பியவர், பின்னாளில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன்.

நம் நாட்டுக் கதையோடு கலந்த ரிவால்வரும் ஒன்று உண்டு. முதல் போரில் வெப்லி மட்டும் போதாமல், பிரிட்டன் அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனங்களிடமும் .455 ரிவால்வர்களை வாங்கியது. அந்த ரகத்து ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஒன்று 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங்கின் கையில் இருந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’ட்வையர் அங்கேயே விழுந்தார். மேலும் மூவர் காயத்தோடு தப்பினார்கள். அந்த ரிவால்வருக்கு உரிய தோட்டா உத்தம் சிங்கிடம் இல்லை. குழலைவிடச் சிறிய, பழைய .44 தோட்டாக்களையே அவர் பயன்படுத்தினார் என்பது விசாரணையில் தெரிந்தது. துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்து ஆராய்ந்ததால்தான் இந்த விவரம் நமக்குக் கிடைத்தது. உத்தம் சிங் அதே ஆண்டு ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்டார். பேரரசின் படைக்கென்று வாங்கிய ரகத்துத் துப்பாக்கி, பேரரசின் அதிகாரிமீதே திரும்பிய கதை இது.

இத்தகைய சாட்சியங்கள் தப்பிப் பிழைப்பது எளிதல்ல. டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. 1.6 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. குழந்தைகளின் உயிருக்கு முன் எந்தச் சேகரிப்பும் பெரிதல்ல. அந்தச் சட்டம் நியாயமானது. அதே சட்டம் தன் 7ஆம் பிரிவில் வரலாற்று மதிப்புள்ளவற்றுக்குக் கடும் நிபந்தனையோடு ஒரு வழி விட்டது. எதைக் காப்பது, எதை உருக்குவது என்று தீர்மானிக்கும்போது ரிவால்வருக்காக வாதாடக்கூடியது அதன் ஆவணம்தான்.

ஆகவே சேகரிப்பவரின் முதல் கடமை எழுதி வைப்பது. எண், முத்திரை, யாரிடமிருந்து வந்தது, எந்தக் குடும்பம் சொன்ன கதை, அதில் எது நிரூபணமானது, எது வெறும் வாய்மொழி என்று பிரித்து எழுதி, அந்தத் தாளைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கைமாற்ற வேண்டும். இதைச் செய்பவர் வரலாற்றாசிரியரின் சக ஊழியர். செய்யாதவரிடம் இருப்பது ஒரு பழைய ஆயுதம், அவ்வளவே.

அடுத்த வாரம்: ஆறுக்குப் பதில் ஏழு குண்டு, சுடும்போது முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும் சிலிண்டர். ஜாரின் படையிலும் செஞ்சேனையிலும் பணிசெய்த ரஷ்யாவின் நகான்ட் ரிவால்வர்.

(தொடரும்)