பட்டியலில் விடுபட்ட விதவைகள்: தொடக்கக் காலத் திருச்சபை காட்டிய பகிர்வு

கெடாவில் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற நகரங்களில் தமிழில் வழிபாடு நடக்கும் தேவாலயங்கள் உள்ளன. அங்கு ஞாயிறுதோறும் எடுக்கப்படும் காணிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. தொடக்கத்தில் அந்தப் பணம் யாருக்குப் போனது என்பது எல்லாச் சமயத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

முதல் புகார்

எருசலேமில் கூடிய முதல் கிறிஸ்துவர்களில் நிலமும் வீடும் வைத்திருந்தவர்கள் அவற்றை விற்றுப் பணத்தைப் பொதுவில் வைத்தார்கள். அது அவரவர் தேவைக்கேற்பப் பகிரப்பட்டது. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் (அப்போஸ்தலர் நடபடிகள்) நூல் இதைச் சொல்கிறது.

இந்த ஏற்பாட்டிலும் விரைவில் குறை எழுந்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். புகாரை யாரும் மூடி மறைக்கவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஸ்தேவான் உள்பட ஏழு பேருக்கும் இருந்தவை கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் மொழி தெரிந்தவர்களிடமே பங்கீடு போனது.

கணக்கோடு நடந்த இரக்கம்

கி.பி. 155 வாக்கில் ரோமாபுரியில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டில் வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுத்தார்கள் என்கிறார். சபைத் தலைவரிடம் சேர்ந்த அந்தப் பணம் அனாதைகள், விதவைகள், நோயாளிகள், கைதிகள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆகியோருக்குச் செலவானது. 251-இல் ரோமாபுரிச் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்ததாக ஆயர் கொர்னேலியுவின் கடிதம் தெரிவிக்கிறது.

இவர்கள் தங்கள் ஏழைகளோடு மற்றவர்களின் ஏழைகளுக்கும் உதவுகிறார்கள் என்று, கிறிஸ்துவத்தை எதிர்த்த பேரரசர் ஜூலியனே 362 வாக்கில் குறைப்பட்டுக்கொண்டார்.

மிச்சம் யாருடையது?

இன்றைய துருக்கியில் உள்ள செசரியா நகரில் 368 வாக்கில் கடும் பஞ்சம் வந்தது. தானியத்தைப் பூட்டி வைத்தவர்களைக் கண்டித்த பசிலியார், தேவைக்கு மிஞ்சியது பசித்தவனுக்கு உரியது என்று போதித்தார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பெரியதோர் இல்லத்தையும் அமைத்தார். அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், உள்ளதைப் பகிராமல் இருப்பதும் திருட்டே என்றார். பலிபீடத்தைப் பொன்னால் அலங்கரித்துவிட்டு வாசலில் பசித்தவனை விட்டுவிடுவதில் பயனில்லை என்றும் சொன்னார்.

தமிழர்களிடையே

பாளையங்கோட்டையில் 1820 முதல் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி இரேனியஸ் காலத்தில், 1834-இல், திருநெல்வேலித் திருச்சபையில் விதவைகளுக்கென ஒரு நிதி தொடங்கப்பட்டது. குடும்பத் தலைவரை இழந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கையேந்தாமல் இருக்க, முன்கூட்டியே சேர்த்து வைக்கும் ஏற்பாடு அது.

கெடாவிலும் பொதுப் பணத்தின் பலத்துக்கு ஒரு சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். இது சமய முயற்சி அல்ல. ஆனால் பலரின் சிறு பணம் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டியது.

இன்று லயங்களை விட்டு நகர அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பல. தோட்டத்தில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நகரத்தில் தெரிவதில்லை. கோயிலோ தேவாலயமோ சங்கமோ, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் உதவிப் பொருள் கொடுக்கும் முன் எருசலேமில் எழுந்த கேள்வியை ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது: பட்டியலில் விடுபட்டவர் யார்? தனித்து வாழும் தாயும் பிள்ளைகள் கைவிட்ட முதியவரும் தாங்களாகவே வந்து பெயர் கொடுப்பது அரிது. நாம்தான் தேடிப் போக வேண்டும்.