காணொளி மருத்துவத்தில் அரசின் பணம் எந்தப் பக்கம் சேரவேண்டும்? ஆஸ்திரேலிய மெடிகேர் அனுபவம்

தொலைவு ஆஸ்திரேலிய மருத்துவத்தின் பழைய சிக்கல். குவீன்ஸ்லாந்தின் குளொன்கரியில் 1928இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய, காலால் மிதித்து இயக்கும் வானொலி உட்பகுதிப் பண்ணைகளை மருத்துவருடன் இணைத்தது. ஆனால் காணொளி வழியாகச் சிறப்பு மருத்துவர்களைக் காண மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு பரவலாக ஈட்டுத்தொகை வழங்கியது 2011 ஜூலை 1 முதல்தான். அத்திட்டத்தின் பணம் மூன்று வழிகளில் சென்றது. அம்மூன்றில் மருத்துவப் பயன் மிகுந்தது எதுவோ, அதுவே அரசின் கவனத்தை மிகக் குறைவாகப் பெற்றது என்பது என் வாதம்.

முதல் வழி, தொடக்க ஊக்கத்தொகை. காணொளியில் முதல் ஆலோசனையை நடத்திய மருத்துவருக்கு 6,000 டாலர் கிடைத்தது. தொகை ஆண்டுதோறும் குறைந்தது. பின்னர் அதன் பெரும்பகுதி பத்தாவது ஆலோசனை முடிந்த பிறகே தரப்பட்டது. தொடங்குவோர் எல்லாரும் தொடர்வதில்லை என்பதை அரசே உணர்ந்ததன் அடையாளமாகவே இந்த மாற்றத்தைக் கொள்கிறேன். 2014 ஜூனுடன் ஊக்கத்தொகைகள் நின்றன. இரண்டாவது, மெடிகேர் கட்டணப் பட்டியலின் 99ஆம் இலக்கக் கட்டணம்: சிறப்பு மருத்துவரின் வழக்கமான கட்டணத்தோடு அதில் பாதி கூடுதலாகச் சேரும்.

மூன்றாவது வழி, நோயாளியின் அருகில் இருக்கும் பொது மருத்துவர், செவிலியர், பழங்குடி நலப் பணியாளர் ஆகியோரின் உதவிக்கான கட்டணம். காணொளியில் சிறப்பு மருத்துவரால் தொட்டுப் பார்க்க முடியாது. வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், புண்ணின் கட்டைப் பிரித்துக் காட்டுவதும், மாத்திரை அட்டைகளை எடுத்துப் படிப்பதும் அருகில் இருப்பவர்தாம். புரியாமலே தலையசைக்கும் முதியவரைக் கண்டு, சொன்னதை மறுபடி சொல்லுமாறு மருத்துவரைக் கேட்பவரும் அவரே. அவர் இல்லையெனில் படம் தெரிந்தாலும் பரிசோதனை நிகழ்வதில்லை.

தகுதி விதிகளோ தொலைவையே சுற்றின. 2012 நவம்பரில் நோயாளிக்கும் சிறப்பு மருத்துவருக்கும் இடையே குறைந்தது 15 கிலோமீட்டர் வேண்டும் என்றானது. 2013 ஜனவரியில் பெருநகரங்கள் விலக்கப்பட்டன. முதியோர் இல்லங்களுக்கும் பழங்குடி மருத்துவ நிலையங்களுக்கும் இவ்விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. அது சரியான முடிவு. படுக்கையில் கிடப்பவருக்கு இரண்டு கிலோமீட்டரும் எட்டாத தூரமே. ஆனால் அதே நிலையில் நகரத்துச் சொந்த வீட்டில் இருந்தவருக்கு அந்த நியாயம் கிட்டவில்லை.

கோவிட் காலம் அனைத்தையும் புரட்டியது. 2020 மார்ச் மாதத்திற்குள் தொலைவு விதியின்றி எல்லாருக்கும் தொலைமருத்துவ ஈட்டுத்தொகை வந்தது. பொது மருத்துவர்களுக்குத் தொலைபேசிக்கும் காணொளிக்கும் ஒரே கட்டணம் என்பதால் பெரும்பாலான ஆலோசனைகள் தொலைபேசியிலேயே நடந்தன. வியப்பில்லை: கூடுதல் உழைப்பும் இணையத் தடங்கலும் கொண்ட வழியை, கூடுதல் பணமின்றி யார் விரும்பி ஏற்பார்? அரசு காணொளியை எளிதாக்காமல், 2021 ஜூலையில் 20 நிமிடத்திற்கு மேற்பட்ட தொலைபேசி ஆலோசனைகளுக்கான பொது ஈட்டுத்தொகையை நீக்கியது. காணொளி தரத்தில் மேலானது என்பது உண்மையாகலாம். ஆயினும் இணையம் நலிந்த ஊர்களில் வாழ்வோரும் கேமராவை இயக்கத் தெரியாத முதியோருமே இதன் சுமையைத் தாங்கினர். 2023 நவம்பரில், மைமெடிகேர் என்னும் தன்விருப்ப நோயாளிப் பதிவுத் திட்டத்தில் பதிவுசெய்தோருக்கு நீண்ட தொலைபேசி ஆலோசனை திரும்பி வந்தது.

2022 ஜனவரி 1 அன்று தொலைமருத்துவம் நிரந்தரமானது; 99ஆம் இலக்கம் நீங்கியது. புதிய வழக்கம் வேரூன்றிய பின் கூடுதல் கட்டணம் வேண்டியதில்லை என்ற வாதத்தைச் சிறப்பு மருத்துவர் அளவில் ஏற்கிறேன்; தம் அறையில் அமர்ந்து பேசும் அவருக்குச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. மறுமுனைச் செவிலியரோ தம் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு வந்து உட்காருகிறார். 99ஆம் இலக்கம் நீங்கியதில் மிச்சமான பணம் அச்செவிலியரின் நேரத்துக்கு நிலையான கட்டணமாகச் சேரவேண்டும்: முதியோர் இல்லங்களுக்கும் சிற்றூர் மருத்துவ நிலையங்களுக்கும் முதலில், வீட்டை விட்டு வெளியேற முடியாத நகர நோயாளிகளுக்கு அடுத்து, கிலோமீட்டர் கணக்கு எதுவுமின்றி.