அச்சு மாறிய வண்டி: மிச்சம் யாருக்கு?

பிக்கப் வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, பழைய ஜீப்பில் இருந்தது போல சாலிட் ஆக்ஸில் பொருத்த வேண்டும் என்பது வண்டிப் பைத்தியம் பிடித்த பல இளைஞர்களின் கனவு. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டு இணைத்திருக்கும். பள்ளத்தில் இறங்கினாலும் பாறையில் ஏறினாலும் கலங்காத உறுதி! ஆனால் அதே வண்டிதான் திங்கட்கிழமை காலையில் திருப்பூருக்கு நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு போயாக வேண்டும். அங்கேதான் சிக்கல். அச்சை மட்டும் மாற்றுவது என்று தொடங்கும் வேலை, பட்டை வில், ஸ்டீயரிங் கம்பி, பிரேக், சக்கரம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும்.

இது புதிய சிக்கல் ஒன்றும் இல்லை. தினமும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அச்சு மாற்றும் வேலையைக் காங்கேயம் பக்கத்து விவசாயிகள் போன நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள். அந்த வண்டிக்கு எஞ்சின் கிடையாது, இரண்டு காளைகள்தான். மரச் சக்கர மாட்டு வண்டி, டயர் வண்டியாக மாறிய கதை அது. அந்த மாற்றத்தில் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தால் இன்றைய பிக்கப் வண்டிக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

சேம அச்சு

வண்டியில் முதலில் உடைவது அச்சு என்பது தமிழர்களுக்கு மிகப் பழைய அனுபவம். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியைப் பற்றிச் சொல்கிறார். பள்ளத்தில் இறங்கலாம், மேட்டில் ஏறலாம், வழியில் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்று நாம் ஸ்டெப்னி வைத்திருப்பது போல! திருவள்ளுவரும் 475-ஆம் குறளில், மயில் இறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் அதிலும் அச்சு முறியும் என்கிறார்.

இரண்டுமே சொல்வது ஒன்றைத்தான். வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதைத் தீர்மானிப்பது அச்சு.

கொங்கு நாட்டுக்கு இது அன்னியமான விஷயம் அல்ல. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பழைய வணிகப் பாதை இந்தப் பகுதி வழியாகத்தான் சென்றது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அந்தப் பாதையில் இருந்த ஊர். இன்று கோவை-திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடம், காங்கேயம், வெள்ளகோயில் என்று வரிசையாக வருகின்றன. பாதையில் ஓடும் வண்டிதான் மாறியிருக்கிறது.

காளையும் மர வண்டியும்

காங்கேயம் என்றாலே காளைதான் நினைவுக்கு வரும். கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். அந்த மேய்ச்சலில் வளர்ந்த மாடு இது. இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பெயர் பெற வைத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரிய பங்கு உண்டு. பாலுக்காக வளர்த்த மாடு அல்ல. உழைப்புக்காக வளர்த்த மாடு. கிணற்றில் கவலை இறைக்கவும், உழவும், வண்டி இழுக்கவும் அதுதான். சித்திரை மாதம் கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் விலை பேசுவது கண்ணுக்குத் தெரியும் அழகுக்கு மட்டும் அல்ல, இழுக்கும் திறமைக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் காளைகள் இழுத்த பழைய மொட்டை வண்டியின் சக்கரம் ஏறக்குறைய ஓர் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், வெளியே வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்பில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் ஏற்றி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குடத்துக்குள் போகும் அச்சுக்குக் கிராமத்தில் இருசு என்று பெயர். சக்கரம் கழன்று போகாமல் இருக்கக் கடையாணி. உராய்வைக் குறைக்க, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு. தச்சரும் கொல்லரும் சேர்ந்து உள்ளூரிலேயே முழு வண்டியையும் செய்துவிடலாம். பழுது பார்ப்பதும் உள்ளூரில்தான்.

இந்த வண்டியில் குறையே இல்லையா? இருந்தது. இருசும் குடமும் நேராக உரசிக்கொண்டன. மசகு காய்ந்தால் வண்டி கத்தும், காளை திணறும். குறுகலான இரும்புப் பட்டா ஈர மண்ணில் கத்தி போல இறங்கும். கடினமான சாலையிலோ அது சாலையையே அறுத்தது!

சாலை கேட்ட மாற்றம்

மோட்டார் வண்டிகள் பெருகியபோது இந்தப் பட்டா ஒரு பிரச்சினையானது. 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. 1934-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தொடங்கியது. கல்லும் தாரும் போட்டுச் செலவழித்து அமைத்த சாலையை இரும்புப் பட்டாச் சக்கரங்கள் கெடுக்கின்றன என்பது அந்தக் காலப் பொறியாளர்களின் பெரிய கவலை. அதற்குக் கிடைத்த பதில்தான் காற்று அடைத்த ரப்பர் டயர். 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்காகக் கண்டுபிடித்த அதே டயர். பின்னாளில் டன்லப் நிறுவனம் இந்தியாவில் மாட்டு வண்டிக்கென்றே டயரும் சக்கரமும் அச்சும் விற்றது. வட இந்தியாவின் சில பகுதிகளில் இந்த வண்டிக்கே டன்லப் என்று பெயர் வந்துவிட்டது. நம் பக்கம் டயர் வண்டி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றத்தை முதலில் கேட்டது காளை அல்ல, வண்டிக்காரரும் அல்ல, சாலைதான். ஆனால் டயருக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் வண்டிக்காரர்.

அதே 1934-ல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. ஆலையில் செய்த பொருள் ஊருக்குள் வரும்போது ஊரிலிருந்து வெளியே போகும் பணம் எவ்வளவு, வேலை இழப்பவர் யார் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படைக் கேள்வி. டயர் வண்டிக்கும் அது அப்படியே பொருந்தும். மரச் சக்கரத்துக்குக் கொடுத்த கூலி தச்சர் வீட்டுக்குப் போனது. டயருக்குக் கொடுத்த பணம் தொழிற்சாலைக்குப் போனது.

அச்சை மட்டும் மாற்ற முடியுமா?

டயர் வண்டியில் இரும்புத் தண்டு ஒன்று குறுக்கே போகும். அதன் இரண்டு முனையிலும் பேரிங், அதன்மேல் சக்கரம். புதிதாக வாங்க வசதி இல்லாத இடங்களில் பழைய மோட்டார் வண்டிகளின் அச்சையும் தேய்ந்த டயரையும் பட்டறையில் வைத்துப் பொருத்திக்கொண்டார்கள். நிஜமான சாலிட் ஆக்ஸில் மாற்றம்!

ஆனால் அதோடு வேலை முடியவில்லை. முதலாவது, உயரம். டயர்ச் சக்கரம் மரச் சக்கரத்தைவிடச் சிறியது. வண்டியின் தட்டு கீழே இறங்கிவிடும். காளையின் தோள் உயரம் மாறாது அல்லவா? அதனால் நுகத்தடிக்குப் போகும் ஏர்க்காலின் சாய்வை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, சமநிலை. இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு மாதிரி. சுமை அச்சுக்கு முன்னால் கூடினால் எடை காளையின் கழுத்தில் அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கும். தட்டுக்கு அடியில் அச்சை நாலு விரல் முன்னே பின்னே வைத்தாலும் அதன் பலனைக் காளைதான் அனுபவிக்கும்.

மூன்றாவது, பிரேக். இரும்புப் பட்டாவில் கட்டையை அழுத்தி நிறுத்தலாம். டயரில் அப்படி அழுத்தினால் ரப்பர் தேயும். பல டயர் வண்டிகளில் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்துவது காளையின் கழுத்துதான்.

நான்காவது, பராமரிப்பு. மசகு போட வண்டிக்காரரே போதும். பஞ்சருக்குக் கடை வேண்டும், பம்பு வேண்டும், கையில் காசு வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துச் செய்தவருக்கு நல்ல வண்டி கிடைத்தது. அச்சை மட்டும் மாற்றியவருக்கு வேகமாக உருளும், ஆனால் நிற்கத் தெரியாத வண்டி கிடைத்தது.

சட்டம் போட்ட கணக்கு

இனி லாப நஷ்டக் கணக்கு. 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1965-ல், வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று விதிகள் வந்தன. பெரிய காளை இழுக்கும் இரு சக்கர வண்டிக்கு அதில் மூன்று அளவுகள். டயர் இல்லாத வண்டிக்கு 900 கிலோ. டயர் இருந்தால் 1350 கிலோ. பால் பேரிங் இருந்தால் 1800 கிலோ.

காளை அதே காளைதான். அச்சும் சக்கரமும் மாறியதும் சட்டம் அனுமதிக்கும் சுமை சரியாக இரண்டு மடங்கு!

இதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. பேரிங் உராய்வைக் குறைக்கிறது. சமதளத்தில் அதே பலத்தைக் கொண்டு கூடுதல் சுமையை இழுக்கலாம். ஆனால் உராய்வு மட்டுமா காளைக்குப் பாரம்? நிற்கும் வண்டியைக் கிளப்புவது, ஓடும் வண்டியை நிறுத்துவது, மேட்டில் ஏற்றுவது இந்த மூன்றிலும் மொத்த எடைதான் கணக்கு. 30 அடிக்கு ஒரு அடி ஏறும் மேட்டில் 900 கிலோ எடை பின்னோக்கி இழுக்கும் விசை சுமார் 30 கிலோ. 1800 கிலோ என்றால் 60. எவ்வளவு நல்ல பேரிங் போட்டாலும் இதில் ஒரு கிலோகூடக் குறையாது. செங்குத்தான நீண்ட ஏற்றங்களில் சுமையைப் பாதியாக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்வதும் இதனால்தான். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் விதி உண்டு. ஏற்றும் இடத்தில் எடை போட்டுப் பார்ப்பவர் யார் என்பது வேறு விஷயம்.

பெங்களூர் ஐ.ஐ.எம்.-இன் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970-களில் மாட்டு வண்டியை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். மேலாண்மைக் கல்லூரி இயக்குநருக்கு மாட்டு வண்டியில் என்ன வேலை என்று கேட்கலாம். நாட்டில் கோடிக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வண்டியின் எடையைக் குறைப்பது, பேரிங் போடுவது, பிரேக் வைப்பது, கழுத்தைப் புண்ணாக்காத நுகம் செய்வது எல்லாம் சேர்ந்ததுதான் நவீனமாக்கல் என்பது அவர் பக்கத்து வாதம். ஆனால் ஊர்களில் வேகமாகப் பரவியது டயர்தான். காரணம் எளிது. டயர் போட்டால் நடைக்கு இவ்வளவு மூட்டை அதிகம் என்று வாடகையில் உடனே தெரியும். நல்ல நுகம் போட்டால் காளைக்கு மட்டும்தான் தெரியும். காளை பில் போடுவதில்லையே!

செலவு ஒருவருக்கு, பயன் இன்னொருவருக்கு என்று இருக்கும்போது, கேட்க வாய் இல்லாதவரின் பங்கு கணக்கில் விடுபட்டுப் போகும். சாலைக்குப் பாதுகாப்பு கிடைத்தது. வியாபாரிக்கு ஒரே நடையில் கூடுதல் சரக்கு போனது. வண்டிக்காரருக்கு வாடகை கொஞ்சம் கூடியிருக்கலாம். தச்சருக்கு வேலை குறைந்தது. அச்சு கொடுத்த மிச்சத்தில் காளைக்கு வர வேண்டிய பங்கைக் கூடுதல் மூட்டை சாப்பிட்டுவிட்டது.

பிக்கப் காலத்தில்

பிறகு கவலை ஏற்றத்தை மின் மோட்டாரும், ஏரை டிராக்டரும், வண்டியை மினி லாரியும் பிடித்துக்கொண்டன. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தபோது அது ஏற்றிச் செல்லும் சுமை 750 கிலோ என்றார்கள். முன்னும் பின்னும் பட்டை வில் மேல் உட்கார்ந்த ஒற்றைத் தண்டு அச்சுகள்! காங்கேயம் பக்கத்து அரிசி ஆலைக்கும் தேங்காய்க் களத்துக்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் பொருத்தமான வண்டி. உழைப்பில் வேலை இல்லாமல் போன காங்கேயம் காளை, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் அடையாளமாக மறுபடியும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

இன்று பிக்கப் வண்டிக்கு சாலிட் ஆக்ஸில் போட நினைப்பவர் முன்னால் இருப்பதும் அதே நான்கு கேள்விகள்தான். உயரம் மாறினால் ஸ்டீயரிங் கம்பியின் கோணம் என்ன ஆகும்? எடை எந்த அச்சில் விழும்? பெரிய சக்கரத்தைப் பழைய பிரேக் நிறுத்துமா? பழுதானால் எங்கே உதிரி பாகம் கிடைக்கும்? இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அப்படி மாற்றிய வண்டியில் விபத்து நடந்தால் காப்பீடு கிடைப்பதும் சந்தேகம்தான்.

மாட்டு வண்டியில் தவறான அச்சின் விலையைக் காளையின் கழுத்து கொடுத்தது. பிக்கப் வண்டிக்குக் கழுத்து இல்லை. அப்படியென்றால் அந்த விலையைக் கொடுக்கப் போவது யார்? எதிரே வரும் டூ வீலர்காரரா, பின்னால் தொற்றிக்கொண்டு நிற்கும் சுமைத் தொழிலாளியா?

அச்சை மாற்றுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. செலவு எவ்வளவு என்பதோடு, செலவு யாருக்கு என்றும்!