டபுள் சிக்ஸ்: 47 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த விபத்து அறிக்கை

சபா மக்களிடம் ‘டபுள் சிக்ஸ்’ என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. 1976-ஆம் ஆண்டு, ஆறாம் மாதம், ஆறாம் தேதி. அன்று லாபுவானிலிருந்து கோத்தா கினாபாலுவுக்கு வந்த சபா ஏர் நிறுவனத்தின் ‘நோமாட்’ ரகச் சிறு விமானம், தரையிறங்கும் தறுவாயில் செம்புலானில் ஆழமில்லாத கடலில் விழுந்தது. அதிலிருந்த 11 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மாண்டவர்களில் மாநில முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸும் அவருடைய மகனும் இருந்தனர். அமைச்சர்கள் டத்தோ பீட்டர் மோஜுந்தின், டத்தோ சாலே சூலோங், சோங் தியன் வுன், உதவி அமைச்சர் டாரியஸ் பினியன் ஆகியோரும் பலியாயினர். மற்றவர்கள் உயர் அதிகாரிகள், மெய்க்காவலர், விமானி. ஏப்ரலில் நடந்த தேர்தலில் துன் முஸ்தபாவின் உஸ்னோ கட்சியை வீழ்த்தி ‘பெர்ஜாயா’ ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரே பிற்பகலில் அதன் அமைச்சரவையில் பெரும்பகுதி இல்லாமல் போனது.

ஹாரிஸ் சாலே புதிய முதலமைச்சரானார். ஜூன் 14-ஆம் தேதி, விபத்து நடந்த எட்டாம் நாள், பெட்ரோனாஸுடனான எண்ணெய் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். சபாவுக்குக் கிடைத்தது 5 விழுக்காட்டு உரிமத் தொகை. இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். சதி, வெடிகுண்டு என்று வதந்தி வளர்ந்தது. விபத்து விசாரணை அறிக்கையோ ரகசிய ஆவணமாகப் பூட்டப்பட்டது. பூட்டி வைத்ததுதான் வதந்திக்குப் போட்ட உரம்.

கடைசியில் விவகாரம் கோத்தா கினாபாலு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அதன் உத்தரவுக்குப் பின் 2023 ஏப்ரலில் மத்திய அரசு அறிக்கையை வெளியிட்டது. மொத்தம் 21 பக்கங்கள். நோமாட்டைத் தயாரித்த நாடான ஆஸ்திரேலியாவும் தன்னிடமிருந்த அறிக்கையை அதே மாதம் திறந்தது.

நாசவேலைக்கோ, தீ விபத்துக்கோ, வெடிப்புக்கோ ஆதாரம் இல்லை என்று மலேசிய அறிக்கை கூறியது. அது சுட்டிக்காட்டிய முக்கியக் காரணம் மிகச் சாதாரணமானது: விமானத்தின் பின்பகுதியில் ஏறிய சுமை. அதனால் விமானத்தின் எடைமையம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பின்னுக்குப் போய்விட்டது. விமானியின் செயல்திறன் பற்றியும், விமானத்தை இயக்கிய நிறுவனம் விதிமுறைகளைப் பின்பற்றிய விதம் பற்றியும் அறிக்கையில் குறைகள் சொல்லப்பட்டுள்ளன.

மோட்டார் சைக்கிளின் பின்னால் கேஸ் தோம்பைக் கட்டிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறியவர்களுக்கு இது எளிதில் புரியும். முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் பிடிக்குள் நிற்காது. விமானத்திலும் வால்பக்கம் கனத்தால் மூக்கு மேலே எழும். வேகமாகப் பறக்கும்போது வாலில் உள்ள அசையும் தகடுகளைக் கொண்டு விமானி அதைச் சமாளிக்கலாம். வேகம் குறையக் குறைய அந்தத் தகடுகளின் பலமும் குறையும். மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். உயரத்தில் இப்படி நேர்ந்தால் மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடித்து மீள ஓரளவு வாய்ப்புண்டு. புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் அந்த உயரம் கிடையாது.

2001 ஆகஸ்ட் 25-ஆம் தேதி பஹாமாஸ் தீவில் அமெரிக்கப் பாடகி ஆலியா உட்பட 9 பேர் மாண்டதும் இதே கணக்குப் பிசகியதால்தான். அவர்கள் ஏறிய செஸ்னா 402 ரகச் சிறு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. எடை வரம்பை மீறியிருந்தது. எடைமையமும் பின்னுக்குப் போயிருந்தது.

டபுள் சிக்ஸ் அறிக்கை வெளிவந்த பிறகும் சபாவில் எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அரை நூற்றாண்டுச் சந்தேகம் 21 பக்கத்தில் தீருமா என்ன? செம்புலானில் விமானம் விழுந்த இடத்தருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 6 அன்று குடும்பத்தினரும் மாநிலத் தலைவர்களும் அங்கே கூடுகிறார்கள்.

சரவாக்கின் பாரியோ போன்ற உட்பகுதிகளுக்கு ‘ட்வின் ஓட்டர்’ சிறு விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே பெட்டியை மட்டுமல்ல, பயணியையும் தராசில் ஏற்றி நிறுக்கிறார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கூச்சப்படுவார்கள். மொத்த எடை எவ்வளவு, அதில் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது.