கதவில் தொங்கும் பச்சை வளையம்: ஒரு வரலாற்றுப் பார்வை

'மலர்வளையம்' என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் மனதில் முதலில் எழுவது மரணவீடு. சங்கங்களும் பாடசாலைகளும் அஞ்சலிக்காகக் கொண்டுசெல்வது மலர்வளையம். நினைவுத் தூபிகளின் அடியில் வைக்கப்படுவதும் அதுவே. ஆகவே ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் மகளின் வீட்டுக்கு டிசெம்பர் மாதத்தில் போய் இறங்கும் தாய்மார் பலர், "ஏன் பிள்ளை, செத்தவீட்டு வளையத்தைக் கொண்டுவந்து வாசலில கொழுவி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்பதில் வியப்பில்லை.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கடையில் வாங்கிய, ஊசியிலைக் கொப்புகளை வட்டமாக வளைத்துக் கட்டிய அந்தப் பச்சை வளையம் யாருடையது? எம் பழைய மாணவிகளில் சைவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருக்கிறோம். பாடசாலையில் ஒளிவிழா மேடையில் ஒன்றாகப் பாடிய நாங்கள், அந்நிய நாட்டில் எங்கள் கதவில் எதைத் தொங்கவிடலாம், எதை விடலாகாது என்று யோசிக்கிறோம். பிள்ளைகளும் கேட்கிறார்கள். வளையத்தின் வரலாற்றை அறிந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

சூடியவர்களும் மறுத்தவர்களும்

தழையையும் பூவையும் வளைத்துச் சூடுவது கிறிஸ்து சமயத்துக்கு மிகவும் முற்பட்டது. பண்டைய கிரேக்கத்தில் ஒலிம்பியாவில் வென்றவனுக்குக் காட்டு ஒலிவ மரத்தின் கொப்பு, டெல்பியில் லோரல் இலை, இஸ்துமியாவில் பைன் மரத் தழை என்று இடத்துக்கு ஒரு வளையம் இருந்தது. தமிழர் போர்மரபிலும் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ இருந்தது. விளையாட்டுப் போட்டியில் வென்ற இல்லத்தை 'வாகை சூடியது' என்று இன்றும் எழுதுகிறோம் அல்லவா?

உரோமர் இதை முறைப்படுத்தினர். போரில் சக குடிமகன் ஒருவனின் உயிரைக் காத்தவனுக்கு ஓக் இலை முடி சூட்டினார்கள். அதிலும் அரியதாகக் கருதப்பட்டது புல்முடி. முற்றுகைக்குள் சிக்கிய படையை மீட்டவனுக்கு, மீட்கப்பட்ட வீரர்களே அந்த இடத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி முடைந்து சூட்டியது அது. பொன்முடியைவிட அந்தப் புல்லுக்கே மதிப்பு அதிகம். எந்த மண்ணில் முளைத்தது, யார் கை முடைந்தது என்பவையே அதன் பெறுமதி.

உரோமர் விழா நாட்களில் வீட்டு வாசலில் லோரல் தழை கட்டி விளக்கேற்றுவதும் வழக்கம். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதைக் கடுமையாகக் கண்டித்தார். பிற சமயத்தவரின் கதவுகளைவிடக் கிறிஸ்தவர்களின் கதவுகளிலேயே விளக்கும் லோரலும் அதிகம் காணப்படுகின்றன என்று அவர் குறைப்பட்டார். தலையில் முடி சூட மறுத்த ஒரு கிறிஸ்தவப் போர்வீரனை ஆதரித்துத் தனி நூலே எழுதினார். இன்று கிறிஸ்தவத்தின் அடையாளமாகக் கருதப்படும் பொருளைத் தொடக்ககாலக் கிறிஸ்தவர் ஒருவர் 'இது எம்முடையதல்ல' என்று ஒதுக்கியிருக்கிறார். 'எங்கள் வாசலில் இது தகுமா' என்ற கேள்வி எமக்கு முன்பே பலர் கேட்டதுதான்.

ஹம்பேர்க் நகரின் மரச்சக்கரம்

நத்தாருடன் வளையம் நெருக்கமாகச் சேர்ந்த கதை ஜேர்மனியில் ஒரு சிறுவர் இல்லத்தில் நிகழ்ந்தது. பாடசாலை ஒன்றின் மலரைப் படிப்பவர்களுக்கு இக்கதை விசேடமாகப் பிடிக்கும்.

லூத்தரன் இறையியலாளரான யோஹான் ஹின்றிச் விஹேர்ன் 1833இல் ஹம்பேர்க் நகரின் புறத்தே 'றவுஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கியபோது அவருக்கு 25 வயது. துறைமுக நகரின் வறிய குடியிருப்புகளில் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளை அவர் அழைத்து வந்தார். அவர்களைப் பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் அடைத்து வைக்காமல், ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட சிறு 'குடும்பங்களாக' வாழ வைத்தார்.

நத்தார் நெருங்க நெருங்க, 'இன்னும் எத்தனை நாள்?' என்று பிள்ளைகள் நச்சரித்தார்களாம். 1839இல் விஹேர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் மெழுகுதிரிகளை நிறுத்தி, இல்லத்தின் மண்டபத்தில் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரி. அவ்வாண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு டிசெம்பர் 1ஆம் திகதி வந்தது. ஆகவே நத்தார் முன்னிரவு வரை 4 வெள்ளை, 20 சிவப்பு. நாளுக்கொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் ஏற்றிய திரி எத்தனை, ஏற்றாதது எத்தனை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காத்திருப்பைக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் செய்த பாடத் துணைக்கருவி என்றே அதைச் சொல்லலாம்.

முதலில் அது வெறும் மரச்சக்கரந்தான். 1860 அளவிலேயே அதைச் சுற்றிப் பச்சைத் தழை கட்டினார்கள். பின்னர் வீடுகளுக்குப் பரவியபோது அத்தனை திரிகளுக்கு இடமில்லாமல் நான்கு ஞாயிறுகளுக்கான நான்கு திரிகள் மட்டும் எஞ்சின. புரட்டஸ்தாந்து வீடுகளின் வழக்கமாக இருந்த இது, கத்தோலிக்க ஆலயத்துக்குள் முதன்முதலில் வந்தது 1925இல் கொலோன் நகரில் என்பர். எமது சங்கத்தின் வயதை ஒத்த வழக்கம்! இன்று இலங்கை ஆலயங்களில் மூன்று ஊதாத் திரிகளும் ஓர் இளஞ்சிவப்புத் திரியுமாக ஏற்றப்படும் வளையத்தைப் பார்ப்பவர்கள், அது ஆதிகாலம் முதல் இருந்ததென்றே எண்ணுவார்கள்.

தடையிலிருந்து தொழிலுக்கு

வட அமெரிக்காவில் வாழும் எம் சகோதரிகள் வாங்கும் வளையத்துக்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. மசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் பியூரிட்டன் ஆட்சியாளர் 1659இல் நத்தார் கொண்டாட்டத்தையே தடைசெய்து, மீறுவோருக்கு 5 சிலிங் தண்டம் விதித்தனர். பைபிளில் இல்லாத, பிற சமய வழக்கங்கள் கலந்த விழா என்பது அவர்களின் வாதம். 1681இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

1820 வரை மசச்சூசெட்ஸின் ஆளுகையில் இருந்த மேய்ன் மாநிலமே இன்று வளையம் கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே பால்சம் ஃபேர் மரத்தின் கொப்பு நுனிகளைக் கையால் முறித்துச் சேர்க்கிறார்கள். உறைபனி விழும் இரவுகள் சில கடந்த பின்னரே முறிப்பார்கள். குளிர் பிடிக்காத கொப்பில் ஊசியிலைகள் விரைவில் உதிர்ந்துவிடும். அந்நுனிகளைப் பிடிபிடியாக எடுத்துக் கம்பி வளையத்தில் சுற்றிக் கட்டுவதும் கைவேலையே. சில வாரங்களுக்கு மட்டும் கிடைக்கும் இவ்வேலைக்கு உள்ளூர் மக்களோடு வெளியிலிருந்து வரும் தொழிலாளரும் சேர்கிறார்கள். பருவகால வேலைக்குப் போய்க் கை வெடித்துத் திரும்பும் மனிதரின் உழைப்பு நாமும் அறிந்ததே.

இதே மாநிலத்து வளைய வியாபாரி மொறில் வூஸ்ரர், 1992இல் விற்காமல் மிஞ்சிய ஏறக்குறைய 5000 வளையங்களை ஆர்லிங்ரன் தேசிய மயானத்துக்குக் கொண்டுபோய்ப் போர்வீரர்களின் கல்லறைகளில் சாத்தினார். அது ஆண்டுதோறும் தொடரும் பெரிய நினைவு நிகழ்வாக வளர்ந்தது. வாசலுக்குக் கட்டிய அதே வளையம் கல்லறைக்கும் பொருந்தியது. செத்தவீட்டு வளையம் என்று எங்கள் தாய்மார் சொல்வது முற்றிலும் பிழையல்ல.

பழங்கள் ஏறிய கதை

வெறும் பச்சை வளையத்தை அலங்கரிக்கும் கலைக்கு ஒரு பெண்ணின் பெயரை நினைவுகூர வேண்டும். வேர்ஜீனியாவில் பழைய தலைநகரான வில்லியம்ஸ்பேர்க் நகரை 18ஆம் நூற்றாண்டில் இருந்தபடி மீளமைத்தபோது, அங்கு பூ அலங்காரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் லூயிஸ் ஃபிஷர். 1930களில் நத்தாருக்குக் கதவுகளை எப்படி அலங்கரிப்பது என்று தேடிய அவர், 15ஆம் நூற்றாண்டு புளோரன்ஸ் நகரின் டெல்லா ரொபியா குடும்பத்தார் சுட்ட மண்ணில் செய்து மெருகூட்டிய பழமாலைகளைக் கண்டார். அந்த மாதிரியில் பசுந்தழை வளையத்தின்மேல் அப்பிள், தேசிக்காய், மாதுளை, அன்னாசி ஆகியவற்றைக் கட்டித் தொங்கவிட்டார். பார்க்க வந்தவர்கள் மயங்கினார்கள். அந்த அலங்காரம் நாடெங்கும் பரவி, 'பழங்கால அமெரிக்க வழக்கம்' என்றே பெயர் பெற்றது.

ஆனால் 18ஆம் நூற்றாண்டு வேர்ஜீனியர் எவரும் கப்பலில் வந்த அன்னாசியைப் பனியில் தொங்கவிட்டுப் பழுதாக்கியிருக்க மாட்டார்கள். அதை வரலாற்றாளர்களே பின்னர் எடுத்துச் சொன்னார்கள். வழக்கம் பழையதல்ல என்று தெரிந்த பிறகும் மக்கள் அதைக் கைவிடவில்லை. ஒரு பெண் தன் ரசனையால் தொடங்கியது ஓர் ஊரின் மரபாகிவிட்டது.

எங்கள் கைக்கு வரும்போது

இந்த வரலாற்றில் எவரும் வளையத்தைத் தமக்குக் கிடைத்தபடியே வைத்துக்கொள்ளவில்லை. வெற்றியின் அடையாளத்தை ஓர் ஆசிரியர் நாட்காட்டியாக்கினார். நத்தாரையே தடைசெய்தவர்களின் மண் அதைப் பிழைப்பாக்கியது. ஒரு பூ அலங்காரக்காரி அதில் பழம் கட்டினார். ஆகவே கடையில் வாங்கிய வளையம் என்று நாம் கூச்சப்படத் தேவையில்லை. அதை முடிக்கும் வேலை எப்போதுமே வீட்டாருடையதாக இருந்திருக்கிறது. மாவிலைத் தோரணமும் குருத்தோலையும் கட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையுமல்ல. மாவும் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மரந்தான்.

எம் தீவுக்கு இதில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. மேல்நாட்டார் வளையத்தில் கட்டும் கறுவாப்பட்டையின் தாயகம் இலங்கை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதற்காகவே போரிட்டார்கள். கடையில் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். தடித்த ஒற்றைச் சுருள் கசியா எனும் வேறு இனம். மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருப்பதே எங்கள் கறுவா. அதனோடு உலர்த்திய தோடம்பழத் துண்டு, பனையோலையில் மடித்த நட்சத்திரம், பாடசாலை நிறங்களில் ஒரு நாடா போதும். எல்லாவற்றையும் மெல்லிய கம்பியால் கட்டுங்கள். பச்சை தெரியும்படி இடம் விடுங்கள். வெப்பமூட்டிய அறைக்குள் சில நாட்களில் காய்ந்துவிடும். வெளிக்கதவில் பல வாரம் நிற்கும்.

வைத்தியர் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகள். சிவப்புக்காக யாரும் குன்றிமணியைக் கோக்க வேண்டாம். பிள்ளையாரின் கண்ணுக்கு அழகான அந்த மணி, கடித்து விழுங்கிய குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. யூ மரத்தின் விதையும் இலையும் இதயத்தைத் தாக்குபவை; ஹொலி, மிசில்டோ பழங்களும் குழந்தைகளின் வாய்க்கு எட்டலாகாது. அடுத்தது, காய்ந்த ஊசியிலை நொடியில் தீப்பற்றும். மேசை வளையத்தில் உண்மையான திரி ஏற்றினால் அருகில் ஒருவர் இருக்க வேண்டும். இல்லையேல் மின்கலத் திரியே நல்லது.

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் கிளைகள் டிசெம்பர் ஒன்றுகூடலுக்கு இதையே ஒரு நிகழ்ச்சியாக வைக்கலாம். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து ஒரே வளையத்தில் கட்டலாம். ஏன் அதைக் கொண்டுவந்தார் என்பதை ஒவ்வொருவரும் சொல்லட்டும். மூத்தவர்கள் சொல்வதை யாராவது ஒருவர் எழுதி வையுங்கள். சவுக்குக் கொப்பில் பஞ்சு ஒட்டிச் செய்த நத்தார் மரங்களும், விடுதியில் பாலன் குடிலுக்கு வைக்கோல் சேர்த்த நாட்களும், போர்க்காலத்தில் மின்சாரமின்றி நடந்த ஒளிவிழாக்களும் இன்னும் அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.